அவசர கருத்தடை மாத்திரை: கொடுக்கிறவர்கள் விவரத்தையும் சேர்த்துக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் பெண்கள் பக்கத்தை ரொம்ப வருஷமாகப் படித்து வருகிறேன். போன மாதம் மாதவிடாய்க் கோளாறுகளைப் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். தைராய்டு, நீர்க்கட்டி, ரத்தசோகை, மாதவிடாய் நிற்கும் வயது என்று எல்லாம் வந்திருந்தது, உபயோகமாகவும் இருந்தது. ஆனால் அவசர கருத்தடை மாத்திரை போட்ட பிறகு உதிரப்போக்கு எப்படி மாறும், எது பயப்பட வேண்டியது, எது பயப்பட வேண்டாதது என்று ஒரு வரி கூட இல்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த ஒரு வரி தெரியாமல் எங்கள் குடும்பத்தில் இரண்டு பெண்கள் கஷ்டப்பட்டோம். முதல் ஆள் நான். இரண்டாவது ஆள் பட்டதற்கு நானும் ஒரு காரணம், அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சேலம் அம்மாபேட்டையில் தையல் வேலை செய்கிறேன். வயது 45. வீட்டுக்காரர் லாரி டிரைவர், சங்ககிரி வண்டி, பெங்களூரு லோடுதான் அதிகம். இரண்டு பிள்ளைகள். 2019-ல் ஒரு நாள் ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது. அப்போது எனக்கு 39. பெரியவன் பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். இந்த நேரத்தில் இன்னொரு பிள்ளை என்றால் எப்படி என்று இரண்டு பேருக்கும் தூக்கம் போய்விட்டது. காலையில் அவர் மருந்துக் கடைக்குப் போனார். ஒரு கடையில் "அதெல்லாம் வர்றதில்லைங்க" என்றார்கள், அடுத்த கடையிலும் அதே பதில், மூன்றாவது கடையில் "யாருக்குங்க?" என்று கேட்டு ஒரு மாதிரி பார்த்தார்களாம், கல்யாணமாகி பதினேழு வருஷமான மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார். அன்று மாலை லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூரு போனவர், அங்கே கடையில் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள் என்று போனில் சொன்னார். வாங்கிக்கொண்டு மறுநாள் ராத்திரி வீடு வந்து சேர்ந்தார். 45 மணி நேரம் ஆகியிருந்தது. தண்ணீரை ஊற்றி விழுங்கிவிட்டேன். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் பொடி எழுத்தில் என்னென்னவோ இருந்தது, தமிழில் ஒரு எழுத்து இல்லை.

அன்று ராத்திரியே குமட்டல், மறுநாள் தலைவலி, மார்பு கனத்தது. இதெல்லாம் இரண்டு நாளில் அடங்கிவிட்டது. மூன்றாம் நாள் சிறுநீர் போகும்போது எரிய ஆரம்பித்தது. போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடியும் வருகிற மாதிரி இருக்கும், போனால் நாலு சொட்டு, அதுவும் தீயாக எரியும். ஆறாம் நாள் பழுப்பு நிறத்தில் லேசாகக் கறை பட்டது, இரண்டு நாள் இருந்து நின்றுவிட்டது. நான் இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டேன். மாத்திரை உள்ளே போய்ப் புண்ணாக்கிவிட்டது, அதனால்தான் கீழே எரிகிறது, அதனால்தான் கறை படுகிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் கேட்க முடியாது, கேட்டால் மாத்திரை போட்டதைச் சொல்ல வேண்டுமே. பக்கத்து வீட்டு அக்காவிடம் எரிச்சலை மட்டும் சொன்னேன். "சூடு புடிச்சிருக்கும், வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் குடி" என்றார். குடித்தேன். இளநீர் குடித்தேன். கடையில் சொல்லி மூன்று நாளைக்கு ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டேன், எரிச்சல் கொஞ்சம் குறைந்ததும் நிறுத்திவிட்டேன். அப்போது நான் வேலை பார்த்த தையல் கூடத்தில் பெண்களுக்கென்று கழிப்பறை கிடையாது, காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும் வரைக்கும் அடக்கிக்கொண்டுதான் இருப்போம். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வோம், அது எங்களுக்கெல்லாம் பழக்கம்.

பத்தாம் நாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. இரண்டு போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை, ஒரு பக்க விலாவுக்குக் கீழே முதுகில் குத்து வலி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிறுநீரைப் பரிசோதித்துவிட்டு, கிருமித் தொற்று சிறுநீர்ப்பையிலிருந்து ஏறி சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது என்றார்கள். ஐந்து நாள் ஊசி. அங்கே டாக்டரிடம் மாத்திரை போட்டதைச் சொன்னேன், சொல்லாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது. "இந்த வயசில் இதெல்லாம் எதுக்கு?" என்று நாலு பேர் படுத்திருக்கிற வார்டில் சத்தமாகக் கேட்டார். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். அந்தக் கேள்வி இன்றைக்கும் காதில் இருக்கிறது.

அன்று சாயந்திரம் ட்யூட்டிக்கு வந்த நர்ஸ் அம்மாதான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "உங்களுக்கு வந்தது இரண்டு தனித்தனி விஷயம்மா, மாத்திரைக்கும் இந்த எரிச்சலுக்கும் சம்பந்தம் கிடையாது" என்று ஆரம்பித்தார். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் ரொம்பக் குட்டை, சுமார் 4 சென்டிமீட்டர்தான். மலவாய்ப் பக்கம் இருக்கிற கிருமி உடலுறவின்போது அந்தக் குழாய்க்குள் தள்ளப்படும். புதுசாகக் கல்யாணமான பெண்களுக்கு நீர்க்கடுப்பு வருவதும் இதனால்தான். மாத்திரை போடக் காரணமான அந்த உறவுதான் எரிச்சலுக்கும் காரணமாக இருக்கும், இரண்டும் ஒரே வாரத்தில் வருவதால் மாத்திரை மேல் பழி விழுகிறது என்றார். உறவுக்குப் பிறகு எழுந்து சிறுநீர் போய்விட வேண்டும், அடக்கக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். எரிச்சல் வந்தால் சிறுநீரைப் பரிசோதித்துவிட்டுத்தான் மருந்து எடுக்க வேண்டும், கொடுத்த மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. நான் அதில் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்திருந்தேன். சரி, வெந்தயமும் மோரும் கெடுதல் இல்லை, ஆனால் அது கிருமியைக் கொல்லாது, அதை நம்பி ஒரு வாரத்தைக் கழித்தது என் தப்பு.

கறை பட்டதைப் பற்றியும் அவரே சொன்னார். இந்த மாத்திரையில் இருப்பது லெவோனார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன், 1.5 மில்லிகிராம். அது முக்கியமாகச் செய்கிற வேலை, கருமுட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடுவது. ஆணின் விந்தணு உள்ளே ஐந்து நாள் வரைக்கும் உயிரோடு இருக்கும், அது சாகிற வரைக்கும் முட்டை வராமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். முட்டை ஏற்கனவே வந்துவிட்டிருந்தால் இந்த மாத்திரையால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. இப்படி ஒரே அடியாக ஹார்மோன் உள்ளே போவதால் அந்த மாதக் கணக்கு கலைந்துவிடும். சிலருக்கு நடுவில் கறை படும், சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்கு நாள் தள்ளிப் போகும், கூடவோ குறையவோ படும். நிறையப் பேருக்கு வழக்கமான தேதிக்கு ஒரு வாரம் முன்னே பின்னே வந்துவிடும். மாதவிடாய் முடிந்த கையோடு, சுழற்சியின் ஆரம்பத்தில் மாத்திரை போட்டவர்களுக்கு அடுத்தது முன்கூட்டியே வருவது உண்டு. எப்படியானாலும் ஒன்றிரண்டு மாதத்தில் கணக்கு பழையபடி சரியாகிவிடும், கருப்பை கெட்டுப்போகாது, பின்னால் குழந்தை பிறக்காமலும் போகாது.

எனக்கு அந்த மாதம் எட்டு நாள் தள்ளிப் போனது. ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் கர்ப்ப டெஸ்ட் பண்ணிப் பாருங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார், பண்ணினேன், ஒரு கோடுதான் வந்தது, கர்ப்பம் இல்லை. மேலும் மூன்று நாள் கழித்துப் பட்டது, வழக்கத்தைவிட அதிகமாகப் பட்டது. அதோடு என் விஷயம் முடிந்தது. நர்ஸ் அம்மா சொன்னதில் எனக்கு எது தேவையோ அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மீதியை மறந்துவிட்டேன். அதன் விலையை என் நாத்தனார் மகள் கொடுத்தாள்.

அவள் ஏற்காட்டில் இருக்கிறாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு விடுதியில் வேலை. 2023-ல் கல்யாணமாகி ஒரு வருஷம் கூட ஆகவில்லை, அவளுக்கு காசநோய் என்று கண்டுபிடித்து அரசு மருந்து ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் போட வேண்டிய மாத்திரை. அது முடிகிற வரைக்கும் குழந்தை வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயத்தில் ஒரு திங்கட்கிழமை மலையிலிருந்து இறங்கி என் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் என்னைத் தனியாகப் பார்த்து, "அத்தை, வெள்ளிக்கிழமை ராத்திரி கொஞ்சம் கவனமில்லாம போயிடுச்சு" என்றாள். கீழே வரும்போது இரண்டு கடையில் கேட்டாளாம், இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அந்தப் பழைய பயத்தில் எப்போதும் ஒன்று வாங்கி பீரோவில் வைத்திருப்பார். தேதி முடியாத மாத்திரைதான், பார்த்துத்தான் கொடுத்தேன். "இதைப் போட்டுக்கோ கண்ணு, தீட்டு வந்துடும், ஒண்ணும் ஆகாது" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. வேறு என்ன மாத்திரை போடுகிறாய் என்று கேட்கவில்லை. போட்டதும் படுத்துக்கொள் என்று கூடச் சொல்லவில்லை.

மதியம் சாப்பிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு உடனே பஸ் ஏறிவிட்டாள். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. அவளுக்குச் சாதாரண நாளிலேயே அந்தப் பாதையில் வயிற்றைப் புரட்டும், அன்றைக்கு மாத்திரையின் குமட்டலும் சேர்ந்துகொண்டது. பாதி வளைவுக்குள் இரண்டு முறை வாந்தி. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கூட ஆகியிருக்காது. இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு மாத்திரை போட வேண்டும் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் நினைவில் இல்லை. அப்படியே தெரிந்திருந்தாலும் ஏற்காட்டில் ராத்திரி எங்கே போய் வாங்குவாள்?

பத்து நாள் கழித்து போன் பண்ணினாள். "அத்தை, வந்துடுச்சு, ஆனா ரொம்பக் கொஞ்சமா இருக்கு, மூணு நாள்தான்" என்றாள். நான் "அப்பாடா, இனிமேல் பயமில்லை" என்றேன். ஆசிரியர் ஐயா, இந்த இடத்தைத்தான் உங்கள் வாசகிகள் இரண்டு தரம் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மாத்திரை போட்ட பிறகு லேசாகக் கறை பட்டால் அது மாதவிடாய் என்று அர்த்தமில்லை. மாத்திரை வேலை செய்துவிட்டது என்றும் அர்த்தமில்லை. உள்ளே போன ஹார்மோனால் அப்படிப் படலாம், கரு தங்கிய ஆரம்பத்திலும் சிலருக்கு அப்படிப் படும். கறையைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. சிறுநீரில் வைக்கிற கார்டு டெஸ்ட்தான் சொல்லும். உறவு நடந்த நாளிலிருந்து மூன்று வாரம் கழித்து, காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரில் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலும் அது கோடுதான்.

அவளுக்கு அப்புறம் அடிக்கடி சிறுநீர் வர ஆரம்பித்தது. எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, சும்மா அடிக்கடி. ஏற்காட்டுக் குளிருக்கு அப்படித்தான் என்று விட்டுவிட்டாள். காசநோய் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில்தான் போய்க்கொண்டிருந்தது, மருந்து கொடுத்தவர்கள் முதல் நாளே "நிறம் மாறும்மா, பயப்படாதே" என்று சொல்லியிருந்தார்கள். அதனால் சிறுநீரில் எந்த மாற்றம் வந்தாலும் அந்த மருந்தின் கணக்கிலேயே சேர்த்துவிட்டாள். குமட்டலையும் அதே கணக்கில் சேர்த்தாள். ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியில் ஒரு நாள் வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்தபிறகுதான் சேலத்துக்குக் கூட்டி வந்து ஸ்கேன் எடுத்தோம். 11 வாரம் என்றார்கள்.

அங்கே இருந்த பெண் டாக்டர் நல்ல மாதிரி. பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலாவது, 60 மணி நேரத்துக்கு மேல் ஆனபிறகு போட்ட மாத்திரை. உலக சுகாதார நிறுவனம் நடத்தி 1998-ல் வெளியான ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் போட்டவர்களுக்கு, உண்டாகியிருக்க வேண்டிய கர்ப்பங்களில் நூற்றுக்கு 95 தடுக்கப்பட்டதாம், 49-லிருந்து 72 மணி நேரம் என்று போனவர்களுக்கு அது 58 ஆகக் குறைந்துவிட்டதாம். இரண்டாவது, அந்த வாந்தி. மூன்றாவதாக அவர் சொன்னதைக் கேட்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின், அதுதான் சிறுநீரை ஆரஞ்சாக்குகிற மருந்து, அது கல்லீரலைத் தூண்டிவிட்டு இந்த ஹார்மோனை வேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடுமாம். அதனால் கருத்தடை மாத்திரையின் பலம் குறைந்துவிடும். வலிப்புக்குப் போடுகிற ஃபெனிட்டாயின், கார்பமசெபின் மாத்திரைகளுக்கும் இதே கதைதான். இந்த மருந்தெல்லாம் எடுக்கிற பெண்களுக்கு ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டுவிடுவதுதான் நல்ல வழி என்றார். அது எந்த மருந்தோடும் மோதாது, அவசரத்துக்கு இருப்பதிலேயே நம்பகமானதும் அதுதான், அப்புறம் வருஷக்கணக்கில் பாதுகாப்பும் கிடைக்கும். மூன்று காரணத்தில் எதனால் தவறியது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். எனக்கு மட்டும் தெரியும், மூன்றையும் நான் ஒரு கேள்வியில் கேட்டிருக்கலாம்.

அவள் கேட்டது வேறு. "மாத்திரை போட்டேனே, குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா?" என்று அழுதாள். ஆகாது. இது கருவைக் கலைக்கிற மாத்திரை இல்லை, தங்கிவிட்ட கருவை இது ஒன்றும் செய்யாது. கருக்கலைப்புக்குக் கொடுப்பது மிஃபெப்ரிஸ்டோன், மிஸோப்ரோஸ்டால் என்று முற்றிலும் வேறு மருந்து, டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் எங்கள் தெருவில் மட்டும் எத்தனையோ பேர், படித்தவர்களும் அதில் உண்டு. காசநோய் மாத்திரையை நிறுத்திவிடட்டுமா என்றும் கேட்டாள், நிறுத்தவே கூடாது, நோய்தான் தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து, அவள் எடுக்கிற மாத்திரைகளைக் கர்ப்பத்திலும் தொடரலாம் என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். இரண்டு வழியையும் அவளுக்கு எடுத்துச் சொன்னார். கருக்கலைப்புக்கு 1971-ல் வந்த சட்டம், 2021-ல் திருத்தினார்கள், 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டரின் ஒப்புதல் போதும், கருத்தடை தவறியதும் அதில் ஒரு காரணமாகச் சேர்ந்திருக்கிறது, கல்யாணம் ஆகாதவர்களுக்கும் அது பொருந்தும், பெயரை வெளியே சொல்லக் கூடாது. அவளும் அவள் புருஷனும் என்ன முடிவு எடுத்தார்கள் என்பது அவர்கள் விஷயம், அதை இங்கே எழுத மாட்டேன். இப்போது நன்றாக இருக்கிறாள், காசநோய் மருந்தை முழுசாக முடித்துவிட்டாள். இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டி, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் அனுப்புகிறேன்.

இதில் எனக்குக் கோபம் எங்கே வருகிறது என்றால், இந்த மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கலாம் என்று 2005-லேயே மத்திய அரசு அனுமதித்துவிட்டது. தமிழ்நாட்டில் இதற்குத் தடை என்று ஒரு சட்டமும் கிடையாது. ஆனாலும் நாங்கள் கேட்ட கடைகளில் இல்லை என்கிறார்கள், இல்லையென்றால் யாருக்கு என்கிறார்கள். அதனால் என்ன ஆகிறது? பெண்கள் மாத்திரை போடுவதை நிறுத்திவிடவில்லை. பெங்களூரு போகிற புருஷன் வாங்கி வருகிறார், ஓசூரில் வேலை பார்க்கிற தோழி வாங்கி வருகிறாள், பீரோவிலிருந்து அத்தை எடுத்துக் கொடுக்கிறாள். 24 மணி நேரத்தில் போட வேண்டியது 60 மணி நேரத்தில் போகிறது. கடையில் வாங்கினால் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்வார், நாமும் ஒரு கேள்வி கேட்போம். கைமாறி வருகிற மாத்திரையோடு யார் என்ன சொல்லப்போகிறார்கள்? என்னைப் போல "தீட்டு வந்துடும்" என்று சொல்வார்கள்.

மருந்துக் கடைக்காரர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. வைத்து விற்றீர்கள் என்றால் இரண்டு நிமிஷம் பேசுங்கள். எத்தனை மணி நேரம் ஆச்சு, வேற ஏதாவது மாத்திரை போடுறீங்களா, வாந்தி வந்தா திரும்ப வாங்க, மூணு வாரத்துல டெஸ்ட் பண்ணுங்க. இதைச் சொல்ல டாக்டர் பட்டம் வேண்டாம். வந்தது ஆணா பெண்ணா, கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். காசநோய் மருந்து கொடுக்கிறவர்களிடம் ஒரு தனி வேண்டுகோள்: சிறுநீர் ஆரஞ்சாகப் போகும் என்று சொல்கிற அதே மூச்சில், கருத்தடை மாத்திரை இதோடு சரியாக வேலை செய்யாது, ஆணுறையோ காப்பர்-டியோ பயன்படுத்துங்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். முதலாவதைச் சொன்னதால் என் நாத்தனார் மகள் பயப்படாமல் இருந்தாள். இரண்டாவதையும் சொல்லியிருந்தால் பயப்பட வேண்டிய இடத்தில் பயந்திருப்பாள்.

மலைக்கிராமங்களுக்கு இது இன்னும் முக்கியம். ஏற்காட்டு ஊருக்குள் இருக்கிறவர்களுக்கே இப்படி என்றால் கொட்டச்சேடு, நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிற பெண்கள் பஸ் பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டு, சேலத்துக்கு இறங்கி வந்து கடை கடையாகக் கேட்பதற்குள் 72 மணி நேரம் ஓடிவிடும். கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வரைக்கும் போகிறவர்கள், பெண்கள் அவர்களிடம் மனம் விட்டுப் பேசுகிறார்கள். அவர்கள் பையில் இந்த மாத்திரையும் ஒரு டெஸ்ட் கார்டும் எப்போதும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அடிக்கடி இந்த மாத்திரையை நம்புகிற நிலைமை வந்தால், அந்தரா என்கிற கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, சாயா என்கிற கருத்தடை மாத்திரை, காப்பர்-டி என்று அரசாங்கத்தில் இலவசமாகவே இருக்கிறது, அதைப் பற்றியும் அவர்களே பேசலாம். ஒரு தடவை அவசர மாத்திரை போட்டால் அந்த மாதம் முழுக்கப் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி இல்லை, தள்ளிப்போன முட்டை அப்புறம் வெளியே வரும், அந்த மாதத்தில்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

எதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன், கொஞ்சம் பொறுங்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாக விடாமல் வலி, தலைசுற்றல், தோள்பட்டை வலி என்று இருந்தால், உதிரம் பட்டிருந்தாலும் படாவிட்டாலும், உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும், கரு குழாயில் தங்கியிருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் முழுசாக நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே போனால் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் எரிச்சலோடு குளிர் காய்ச்சல், முதுகு வலி, சிறுநீரில் ரத்தம் என்றால் அன்றைக்கே போக வேண்டும். சிறுநீரில் ரத்தமா, கறை பட்டது சிறுநீரோடு கலந்ததா என்று குழப்பமாக இருந்தால், துடைத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரியும், தெரியவில்லை என்றாலும் பரிசோதனையில் தெரிந்துவிடும். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 104-க்கு போன் பண்ணிக் கேட்கலாம், முகம் தெரியாது.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரர் அன்றைக்கு மூன்று கடை ஏறி இறங்கினார், தலைகுனிந்து வந்தாலும் விடாமல் பெங்களூரு வரை போய் வாங்கி வந்தார், அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் மாத்திரையை என் கையில் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார். நீர்க்கடுப்பில் நான் துடித்தபோது வண்டியில் இருந்தார், நான் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. மாத்திரை வாங்கிக் கொடுத்தவர்கள் அந்த மூன்று வாரத்துக்கும் சேர்த்துப் பொறுப்பு. எப்படி இருக்கிறாய், வந்ததா, டெஸ்ட் பண்ணினாயா என்று கேளுங்கள், கார்டை நீங்களே வாங்கி வாருங்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பெண்கள் பக்கத்தில் இதற்கு ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்கள். "அந்தரங்கம்" என்று தலைப்பு வைத்து ஒளித்துப் போடாதீர்கள். காய்ச்சலுக்கு, சர்க்கரைக்கு எழுதுகிற மாதிரி சாதாரணமாக எழுதுங்கள். வெட்டி வைத்துக்கொள்கிற அளவில் இருந்தால் நல்லது. பெண்கள் வெட்டி வைப்பார்கள், எனக்குத் தெரியும். உங்கள் பக்கத்தில் வந்த ரத்தசோகைக் கட்டுரை இப்போதும் என் தையல் மிஷின் டிராயரில் இருக்கிறது.

அப்படி ஒரு தாளை நானே எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் பகுதிக்கு வருகிற செவிலியரிடம் காட்டி, இரண்டு இடத்தில் திருத்தியும் வாங்கியிருக்கிறேன். பீரோவில் இருக்கிற மாத்திரையைச் சுற்றி அதைத்தான் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன், இனிமேல் யாருக்குக் கொடுத்தாலும் தாளோடுதான் போகும். அதில் ஒரு நகலை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். எட்டே வரி. பக்கத்தில் இடம் இல்லை என்றால் என் கதை முழுசையும் எடுத்துவிட்டு அந்த எட்டு வரியை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாபேட்டை, சேலம்.

(முகவரி உங்களுக்காக மட்டும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். என் நாத்தனார் மகளுக்காகப் பெயரைப் போட வேண்டாம்.)